வெள்ளை விழுந்த கண்ணும் எதிரே வரும் டிப்பரும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்ணைப் பற்றியவை. போன இதழில் வானம் ஏன் நீலம் என்று எழுதியதில் தொடங்கி, ஆளுக்காள் அதைக் கண்ணுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சரி, மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை, பௌதிகவியல் படிப்பிக்கிறவன். வெளிச்சம் கண்ணுக்குள் போய் என்ன செய்கிறது என்று என்னிடம் கேளுங்கள், ஒப்பரேஷன் எப்போது என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் இரவில் மோட்டார் சைக்கிளில் வரும்போது எதிரே டிப்பர் வந்தால் ஒன்றுமே தெரியவில்லை என்று ஓரமாக நிறுத்திவிடுகிறார். கிளினிக்கில் எழுத்து வாசிக்க வைத்தார்கள், கீழ் வரிசை வரைக்கும் வாசித்தார். "இப்பதான் வெள்ளை தொடங்குது, அவசரமில்லை" என்றார் டொக்டர். அப்பா சும்மா சொல்கிறாரா, டொக்டர் வடிவாகப் பார்க்கவில்லையா? (மகள், விசுவமடு)

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் பார்ப்பது வேறு வேறு வெளிச்சத்தை.

கிளினிக்கில் நாடியை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டியில் முட்டவைத்து, பக்கவாட்டில் இருந்து ஒரு மெல்லிய கோடு மாதிரி வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு, நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்களே, அந்தச் சிலிற் லாம்பில் டொக்டருக்குத் தெரிவது, கண்மணிக்குப் பின்னால் இருந்து ஒளியைக் குவிக்கிற, வெள்ளை விழும்போது மங்குகிற வில்லையில் பட்டு அவர் பக்கம் திரும்பி வருகிற வெளிச்சம். அதாவது பின்னோக்கிச் சிதறியது. உங்கள் அப்பாவின் தொல்லை வில்லையில் பட்டு முன்னோக்கி, விழித்திரைப் பக்கம் சிதறுகிற வெளிச்சத்தால் வருகிறது. டிப்பரின் லைற் விழித்திரையில் ஓரிடத்தில் குவிய வேண்டியது, குவிந்ததோடு நிற்காமல் கொஞ்சம் சிதறி விழித்திரை முழுக்கப் பரவிவிடும். அந்தப் பரவின வெளிச்சத்துக்கு அடியில்தான் ரோட்டில் படுத்திருக்கிற மாடு மறைந்து போகிறது.

இரண்டும் ஒரே வில்லையில் நடப்பவை என்றாலும் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. காரணம் சிதறவைக்கும் துணிக்கையின் பருமன். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துணிக்கை முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறவைக்கும். அலைநீளத்துக்குக் கிட்டவோ அதைவிடப் பெரிதாகவோ போனால் சிதறல் பெரும்பாலும் முன்னோக்கியே போகும், இதைக் கணக்காகச் செய்து காட்டியவர் ஜெர்மன் பௌதிகவியலாளர் குஸ்டாவ் மீ, 1908இல். வயதானவர்களின் வெண்புரை (வெள்ளை விழுந்த) வில்லைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்த அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகக் குழுவொன்று, 1 முதல் 4 மைக்ரோமீற்றர் வரையான, படலத்துக்கு மேல் படலம் சுற்றிய உருண்டைகள் அதற்குள் கிடப்பதைக் கண்டது. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் மீ காட்டிய வழியில் கணக்குப் பார்த்தால் அந்தப் பருமன் முன்னோக்கிச் சிதறவைப்பதில் சரியான கெட்டித்தனம் உள்ளது. அப்படியான வில்லை டொக்டரின் பக்கம் கொஞ்சமாகவே வெள்ளையாகத் தெரியும், உள்ளே இருப்பவருக்கோ லைற் கண்டால் கண்ணை மறைக்கும்.

எழுத்துப் பலகை ஏன் இதைப் பிடிக்கவில்லை? அது வெளிச்சமான அறையில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, பக்கத்தில் கண்ணுக்குள் அடிக்கும் விளக்கு எதுவும் இல்லை. சிதறுவதற்குப் பெரிய வெளிச்சம் இல்லாத இடத்தில் சிதறலை எப்படிப் பிடிப்பது?

எவ்வளவு மறைக்கும் என்று கணக்கே போடலாம். 1920களில் ஹொலடே, ஸ்டைல்ஸ் என்ற இருவர் தனித்தனியாகச் செய்த வேலையில் இருந்து வந்த சூத்திரம் இன்னும் பாவனையில் இருக்கிறது: கண்ணில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் எடுத்து, பத்தால் பெருக்கி, விளக்குக்கும் நாம் பார்க்கிற பொருளுக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் விரிகிற திரையின் பிரகாசம் சதுர மீற்றருக்கு இத்தனை கண்டெலா என்று வரும். டிப்பர் உங்கள் அப்பாவின் கண்ணில் 2 லக்ஸ் போடுகிறது, அவர் பார்க்க வேண்டிய மாடு அதற்குப் பக்கத்தில் 10 பாகை தள்ளி நிற்கிறது என்றால் திரை 0.2. வண்டி கிட்ட வந்து கோணம் 5 பாகையானால், வெளிச்சம் கூடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.8, நாலு மடங்கு. அதன்மேல் வயது. சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு சேர்த்த பெருக்கம், வயதை 70ஆல் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்து ஒன்றைக் கூட்டுவது. 64 வயதுக்கு அது ஏறக்குறைய 1.7. ஆக 1.4 கண்டெலா. இது வெண்புரை இல்லாத 64 வயதுக் கண்ணுக்கான கணக்கு என்பதைக் கவனியுங்கள். மோட்டார் சைக்கிள் லைற் மட்டும் விழுகிற ரோட்டில் கறுத்த மாட்டின் முதுகுக்கு அவ்வளவு பிரகாசம் வருவதே பெரும்பாடு.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள், ரோட்டில் வேண்டாம். இரவில் முற்றத்து மரத்தில் ஒரு ரோர்ச்சை அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கட்டி, ஒரு முழம் தள்ளி நிறம் மங்கிய துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பெருவிரலால் ரோர்ச்சை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். விரலை வைத்த உடனே துணி பளிச்சென்று தெரிந்தால், மறைத்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள் சிதறின வெளிச்சம். மற்றக் கண்ணுக்கும் அப்படியே. ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை செய்து பார்க்கவும், ஏனென்றால் கிரவல் புழுதியைத் துணியால் அழுத்தித் துடைத்துத் துடைத்துக் கீறு விழுந்த ஹெல்மெற் கண்ணாடி, வெண்புரை செய்வதை அப்படியே வெளியே நின்று செய்யும். பல பேருக்குப் பாதிப் பிரச்சினை அங்கேதான். கண் காய்ந்துபோவதாலும், முன்பக்கப் படலத்தில் தழும்பு இருப்பதாலும் இதே மாதிரி வரலாம், அதைப் பிரித்துச் சொல்வது டொக்டரின் வேலை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது "பார்வை குறைவு" என்று மட்டும் சொல்லாமல், "இரவில் எதிர்லைற் வந்தால் ரோட்டு தெரியவில்லை, ஓட்டத்தை நிறுத்த வேண்டி வருகிறது" என்று அப்படியே சொல்லச் சொல்லுங்கள். எழுத்துப் பலகையில் வராத தகவல் அது. அதுவரைக்கும் இரவு ஓட்டம் வேண்டாம்.

கேள்வி: வில்லையில் மூன்றில் ஒரு பங்கு புரதம் என்று படித்தேன். பாலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் பால் வெள்ளை, வில்லை கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியைச் சிதறவைக்கும் என்றால் வில்லைதானே கூடுதலாக வெள்ளையாக இருக்க வேண்டும்? இதைக் கணினியில் செய்து பார்க்க முடியுமா? (உயர்தர மாணவன், கிளிநொச்சி)

தம்பி, இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் எனக்கு ஆகவும் பிடித்தது இது. 1950கள், 60களில் ஆராய்ச்சியாளர்களையே குழப்பிய கேள்வியும்கூட.

முதலில் பால். அதன் புரதம் தனித்தனி மூலக்கூறாக மிதக்கவில்லை, ஆயிரக்கணக்கில் திரண்டு நூறு, இருநூறு நனோமீற்றர் உருண்டைகளாக இருக்கிறது, கொழுப்புத் துளிகள் அதைவிடப் பெரிசு. சிறு துணிக்கை ஒன்றின் சிதறல் அதன் கனவளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே அதே அளவு புரதத்தை ஆயிரம் ஆயிரமாகத் திரட்டினால், துணிக்கை ஆயிரம் மடங்கு குறைகிறது, ஒவ்வொன்றின் சிதறலும் பத்து லட்சம் மடங்கு கூடுகிறது, மொத்தத்தில் ஆயிரம் மடங்கு. (திரளை அலைநீளத்தைவிடச் சிறியதாக வைத்திருக்கும் வரைக்கும்.) வில்லையின் புரதங்களான கிரிஸ்டலின்கள் திரளாமல் இருக்கின்றன. பெரியதான அல்பா கிரிஸ்டலினே 15 நனோமீற்றர் அளவுதான், கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 400 முதல் 700.

அது பாதி விடை. திரளாவிட்டாலும் அவ்வளவு மூலக்கூறும் தன்பாட்டில் சிதறவைத்து அதெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் வில்லை மங்கலாகத்தான் இருக்க வேண்டும். நீ கேட்டது அதைத்தானே. பிழை "தன்பாட்டில்" என்ற இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறில் இருந்தும் வரும் அலைகள் ஒன்றோடொன்று கூடவும் கழியவும் செய்யும். எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி என்றால் முன்னோக்கிப் போவது தவிர மற்றெல்லாம் கழிந்துபோய்விடும். சிதறல் வருவது இங்கே கொஞ்சம் கூட, அங்கே கொஞ்சம் குறைய என்று அடர்த்தி ஏறி இறங்குவதால்தான். வற்றாப்பளைப் பொங்கலிரவு கோயில் வாசலில் நெருக்கியடித்து நிற்கிற சனத்தை நினைத்துப் பார், அங்கே திடீரென்று பத்துப் பேர் கூடுதலாகக் குவியவும் இடமில்லை, ஒரு வெளி உண்டாகவும் வழியில்லை. ஐதாக நிற்கிற சனம்தான் கும்பலாகவும் வெளியாகவும் பிரியும். ஆக வில்லை தெளிவாக இருப்பதற்குக் காரணமே அந்த நெருக்கம். பளிங்கு மாதிரி வரிசை தேவையில்லை, பக்கத்தில் நிற்பவரோடு மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தால் போதும் என்று 1971இல் கணக்காகச் சொன்னவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் பெனடெக். 1983இல் டெலாயே, டார்டியூ என்ற இருவர் எக்ஸ் கதிர்ச் சிதறலால் அதை அளந்தே காட்டினார்கள்.

நீயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று. புரதத்தை ஒன்றையொன்று ஊடுருவாத கெட்டியான பந்துகள் என்று வைத்துக்கொள். மொத்தக் கனவளவில் பந்துகள் பிடிக்கும் பங்கு "ப" என்றால், அலைகள் கழிந்த பிறகு மிஞ்சும் சிதறல் (1−ப)⁴ ÷ (1+2ப)² பங்கு. நெருங்கிக் கிடக்கும் பந்துகளின் ஒழுங்கைக் கணக்கிடுகிற பெர்க்கஸ் – யெவிக் முறையில் வருவது இது. ப = 0.3 போட்டுப் பார், 0.094 வரும், பதினொன்றில் ஒன்றுதான் மிச்சம். இப்போது அதைத் திரும்ப "ப"வால் பெருக்கி, 0இல் இருந்து 0.4 வரை வரைபு கீறு. 0.13க்குக் கிட்ட உச்சிக்குப் போய் அதன்பிறகு இறங்கும். அதாவது வில்லைச் சாற்றில் தண்ணீர் ஊற்றினால் அது முதலில் இன்னும் மங்கும்! இதையும் ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். நீரிழிவு வில்லையில் தண்ணீர் புகுவது ஏன் வில்லங்கம் என்பதற்கு இதில் ஒரு பங்கு விடை கிடக்கிறது.

வெள்ளை விழுவது இந்த ஒழுங்கு குலைகிற கதை. வில்லை நார்க்கலங்கள் முதிரும்போது கருவையும் உள்ளே இருக்கிற மற்ற உறுப்புகளையும் கழித்துவிடுகின்றன, அவையும் ஒளியைச் சிதறவைக்கும் என்பதால். ஆனால் கருவைக் கழித்த கலத்தால் புதுப் புரதம் செய்ய முடியாது. நீ பிறக்க முன்னர் உண்டான புரதம் உன் வில்லையின் நடுவில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அல்பா கிரிஸ்டலின் பழுதடைந்த புரதங்களைப் பிடித்து வைத்து ஒட்டவிடாமல் பார்க்கும், அதுவும் தீரத் தீர ஒட்டுதல் தொடங்கும். 5 கோடி மூலக்கூற்று நிறை அளவான திரள்கள் வந்தாலே வில்லை மங்கப் போதும் என்று பெனடெக்கின் கணக்கு. கன்றுக்குட்டியின் வில்லையைக் குளிரவைத்தால் புரதம் செறிவான பகுதி, ஐதான பகுதி என்று பிரிந்து வெள்ளையாகும், சூடாக்கினால் திரும்பத் தெளியும். வயதான மனிதருடையதில் ஒட்டினது ஒட்டினதுதான்.

கணினிக்கு வருவோம். சாதாரண லப்டொப் போதும். ஒளித்துகள் ஒவ்வொன்றாக வில்லைக்குள் விடு. அடுத்த சிதறல் வரை அது போகும் தூரம்: 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எழுந்தமான எண் எடுத்து, அதன் இயற்கை மடக்கையின் எதிரைச் சிதறல் குணகத்தால் (ஒரு மில்லிமீற்றர் போவதற்குள் சராசரியாக எத்தனை தடவை சிதறும் என்பது) வகுப்பது. எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு ஹென்யி – கிறீன்ஸ்டீன் சார்பு, 1941இல் அவர்கள் அதை வானியலில் நட்சத்திரங்களுக்கிடையே கிடக்கும் தூசுக்காக எழுதினார்கள். வில்லையின் தடிப்பு 4 மில்லிமீற்றர். குணகம் மில்லிமீற்றருக்கு 0.05 என்றால் 82 வீதம் ஒரு தடவைகூடச் சிதறாமல் நேரே போகும், 0.5 என்றால் 13 அல்லது 14 வீதம்தான். இந்த இரண்டு குணகமும் விளக்கத்துக்காக நான் வைத்தவை, கண்ணில் அளந்தவை இல்லை. விழித்திரையில் எத்தனை பாகையில் எவ்வளவு விழுந்தது என்று எண்ணி வரைபு கீறி, மேலே விசுவமடுத் தங்கச்சிக்குச் சொன்ன "கோணத்தின் வர்க்கம்" சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்.

ஒரு பொறி இருக்கிறது, பல பேர் விழுகிற இடம். இந்த முறை ஒவ்வொரு சிதறலும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறது. தெளிந்த வில்லையில் அது பொய் என்றுதானே இவ்வளவு நேரம் கதைத்தோம்? ஆகவே துணிக்கையின் எண்ணிக்கையை நேரே போட்டுக் குணகம் எடுக்காதே, மேலே வந்த அந்த 0.094 மாதிரியான காரணியால் பெருக்கிவிட்டு எடு. அதை விட்டால் உன் கணினியில் உள்ள பிள்ளைக்குப் பிறக்கும்போதே வெள்ளை விழுந்திருக்கும். அப்புறம், முறிவுச் சுட்டி வெளிப்பக்கம் 1.38 அளவிலும் நடுவில் 1.41 அளவிலும் இருப்பதால் கதிர் நேர்கோட்டில் போகாது. முதல் தடவைக்கு அதை விட்டுவிடு.

கேள்வி: ஒரு கண்ணில் ஒப்பரேஷன் செய்து வில்லை வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் வேட்டி நீலம் பாய்ந்த வெள்ளை, மற்றதால் பார்த்தால் பழுப்பு. எது சரி? (மாங்குளம்)

புதுக் கண்தான் சரிக்குக் கிட்ட. வயதாக ஆக வில்லை மஞ்சளாகி நீல ஒளியை உறிஞ்சிவிடும், மெல்ல மெல்ல நடப்பதால் மூளை அதைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளும், ஒரு கண்ணை மாற்றிய பிறகுதான் பிடிபடும். இது உறிஞ்சல், மேலே எழுதியது சிதறல், இரண்டும் வேறு. உறிஞ்சல் வெளிச்சத்தைக் குறைக்கும், நிறத்தை மாற்றும், ஆனால் திரை விரிக்காது. வெறும் மஞ்சள் வில்லையோடு இரவில் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வில்லை வைப்பதைத் தொடங்கிவைத்தவர் லண்டனில் ஹரல்ட் றிட்லி, 1949இல். எங்கள் பக்க நாடுகளில் அது ஏழைக்கும் எட்டுகிற விலைக்கு வந்ததில் மதுரையில் 1992இல் தொடங்கிய, வில்லை செய்கிற நிறுவனமான ஓரோலாப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சில வருடம் போய்ப் புதுக் கண்ணும் மங்கினால் "திரும்ப வெள்ளை விழுந்திட்டுது" என்று பயப்பட வேண்டாம், வில்லையைத் தாங்குகிற உறையின் பின்பக்கத்தில் கலங்கள் பரவி மங்குவது அது, லேசரால் ஒரு துளை திறந்துவிடுவார்கள்.

கேள்வி: 2009இல் செல்துண்டு பட்டதில் வலக்கண் வெள்ளையாகிவிட்டது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வயதானவர்களுக்கு வருவதும் இதுவும் ஒன்றா? (புதுக்குடியிருப்பு)

வெளியே பார்க்க ஒன்று, உள்ளே நடந்தது வேறு. வில்லையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது, அது கிழிந்தால் கண்ணில் உள்ள நீர் நார்களுக்குள் புகுந்து, நாற்பது ஐம்பது வருடத்தில் நடக்கிற குழப்பம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடந்துவிடும். பார்வை திரும்புமா என்பது விழித்திரையும் கண் நரம்பும் எப்படி இருக்கின்றன என்பதில் தங்கியிருக்கிறது. வெள்ளையாகி உள்ளே தெரியாத கண்ணையும் அல்ட்ராசவுண்டால் பார்க்கலாம், இத்தனை வருடம் போய்விட்டதே என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டுங்கள்.

முக்கியமானது இது. கண்ணிலோ உடம்பிலோ துண்டு இன்னும் கிடக்கக்கூடும் என்றால், வேறு எந்த வருத்தத்துக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடும். இது எங்கள் பக்கத்தில் கனபேருக்குப் பொருந்தும், வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டால் வெள்ளை கரையும் என்கிறார்கள். தேனும் சொல்கிறார்கள். (முள்ளியவளை)

கரையாது. வெள்ளை கண்ணின் மேல் படர்கிற தோல் என்று நினைப்பதால் வருகிற வைத்தியம் இது. மங்குவது கண்மணிக்குப் பின்னால், உறைக்குள் இருக்கிற வில்லை, மேலே விட்டது கண்ணீரோடு வழிந்துவிடும். பூச்சாற்றோடு கிருமியும் பூஞ்சணமும் போய் முன்பக்கப் படலத்தைப் புண்ணாக்கினால் அந்தத் தழும்பும் ஒளியைச் சிதறவைக்கும், அதற்கு வில்லை மாற்றி வேலையில்லை. சொட்டுமருந்தால் திரளைப் பிரிக்கலாமா என்று உண்மையான ஆராய்ச்சியும் நடக்கிறது. 2015இல் லானோஸ்டெரோல் என்ற பொருள் நாய்களின் வெண்புரையைக் குறைத்தது என்று வந்த கட்டுரையால் பெரிய பரபரப்பு. பிறகு மனிதரிடமிருந்து எடுத்த வில்லைத் துண்டுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெளியவில்லை. வெண்புரையைக் கரைக்கும் என்று நிரூபணமான சொட்டுமருந்து இன்றைக்குக் கடையில் இல்லை, பேஸ்புக்கில் விற்கிற போத்தலுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.